சூளகிரியை ஒட்டிப் போகும் கோடு

கேள்வி: ஐயா, தாத்தா வைத்திருந்த கிராம வரைபடத்தை ஸ்கேன் செய்து க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றியிருக்கிறேன். ஏரி வாய்க்கால் பழையபடி எங்கே ஓடியது என்று பார்க்கவேண்டும். கையடக்க ஜிபிஎஸ்ஸில் ஐந்து இடங்களில் எடுத்த எண்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மூன்று சரியாக உட்காருகின்றன. இரண்டு மட்டும் 650 கிலோமீட்டர் தள்ளி விழுகின்றன. வரைபடம் தப்பா? (வாசகர், சூளகிரி)

பதில்: வரைபடத்தின் மேல் பழி போடாதீர்கள். மூன்று இடங்களின் கிழக்கு எண் (கிழக்கு மேற்காக இடத்தைக் குறிக்கும் மீட்டர் கணக்கு) 1,74,000 சொச்சம். மற்ற இரண்டும் 8,25,000 சொச்சம். இதைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. இடத்தை மீட்டரில் குறிக்கும் யுடிஎம் முறையில் பூமியை 6 டிகிரி அகலப் பட்டைகளாகப் பிரித்திருக்கிறார்கள்; கிழக்கு எண் பட்டைக்குப் பட்டை தனியாக எண்ணப்படும். கிழக்கு 78 டிகிரி தீர்க்கரேகையில் 43ஆம் பட்டை முடிந்து 44 தொடங்குகிறது. அந்தக் கோடு உங்கள் ஊரை ஒட்டித்தான் போகிறது. ஓசூரும் ஒகேனக்கல்லும் 43, கிருஷ்ணகிரியும் தருமபுரியும் 44. கோட்டைத் தாண்டியதும் உங்கள் ஜிபிஎஸ் தானாகப் பட்டையை மாற்றிவிட்டது.

சர்வே வேலையில் இருந்தபோது இதே பக்கத்தில் இரண்டு நாள் இப்படித் தவித்திருக்கிறேன். ஓசூர்ப் பக்கத்து ஏரி ஒன்று வங்காள விரிகுடாவில் போய் நின்றது. அதிலிருந்து நான் டிகிரியில்தான் எண் எடுப்பேன். நீங்களும் அந்த இரண்டு இடங்களுக்குத் திரும்பிப் போய் டிகிரியில் எடுங்கள், அல்லது க்யூஜிஐஎஸ்ஸில் 32643இலிருந்து (43ஆம் பட்டையின் குறியீட்டு எண்) 32644க்கு (44ஆம் பட்டையின் எண்) மாற்றிக்கொள்ளுங்கள். கோட்டுக்கு மேற்கே ஓரிரு கிலோமீட்டர் 44ஐயே நீட்டினால் ஒன்றும் கெட்டுவிடாது.

அப்புறம், ஏரிக்கரை வளைவையோ சாலை ஓரத்தையோ படத்தை நிலத்தோடு பொருத்தும் புள்ளியாக வைக்காதீர்கள், அவை நகர்ந்திருக்கும். மூன்று ஊர் எல்லை கூடும் கல், பழைய மதகு, கோயில் இவைதான் நம்பிக்கையானவை. அவையும் படத்தின் நான்கு மூலைக்கும் பரவியிருக்கவேண்டும். நான்கை வைத்துப் பொருத்துங்கள், ஐந்தாவதைச் சேர்க்காமல் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். படத்தைப் பொருத்தும் உருமாற்ற முறைகளில் 'பாலினோமியல் 1' (படம் முழுவதையும் ஒரே சீராக நகர்த்தித் திருப்பி நீட்டுவது) போதும். 'தின் பிளேட் ஸ்ப்லைன்' வேண்டாம்: அது புள்ளிகளை இழுத்துப் பிடித்துப் பிழையைப் பூஜ்யம் என்று காட்டும், நடுவில் வாய்க்கால் எங்கே கோணினாலும் உங்களுக்குத் தெரியாது.

உங்கள் படத்தில் மைலுக்கு 16 அங்குலம் என்று போட்டிருந்தால், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) ஸ்கேனில் ஒரு பிக்சல் நிலத்தில் சுமார் 33 சென்டிமீட்டர். கையடக்க ஜிபிஎஸ் நாலைந்து மீட்டர் முன்பின் காட்டும். ஆகவே 15 பிக்சல் பிழை வந்தால் கவலைப்படவேண்டாம். 60 வந்தால் கல்லை மறுபடி போய்ப் பாருங்கள்.