காரில் ஒரு பிளாஸ்டிக் பை

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. கல்லூரியில் படிக்கிறான். எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. சனிக்கிழமை இரவு அவன் அப்பா நண்பர்களோடு உட்கார்ந்துவிட்டால், காரில் போய் அழைத்து வருவதுகூட இவன்தான். வாந்தி எடுத்தால் இருக்கட்டும் என்று காரில் பிளாஸ்டிக் பை வைத்திருப்பான், அவ்வளவு பொறுப்பு. அவனே இப்போது, "17 வயதில் கார் ஓட்டலாம், 18 வயதில் ஓட்டுப் போடலாம், 21 வரைக்கும் ஒரு பீர் வாங்கக் கூடாதா? வயதைக் குறைக்க வேண்டும்" என்று வாதாடுகிறான். அவன் அப்பா கேட்டுச் சிரிக்கிறார். இவனுக்கு எப்படிப் புரியவைப்பது?
வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: சட்டத்தைக் கேட்டீர்கள், அதை முதலில் முடித்துவிடுகிறேன். 18 என்று இருந்ததை 21 ஆக்கியது 2017 டிசம்பர் 1 முதல். அதற்குக் கீழே உள்ளவர்களுக்குக் கடைக்காரர் மது விற்கக் கூடாது. ஓட்டுரிமை 18-க்கு இறங்கியது 2021 டிசம்பரில். ஆக, உங்கள் மகன் சொல்லும் கணக்கில் பிழையில்லை. அதற்காக வயதைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். ஓட்டு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும், சனிக்கிழமை வாரா வாரம் வரும். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பளத்தைக் கூட்டு என்பதோடு கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குக்கூட, வாங்குகிற சம்பளம் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்திருந்தது. அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு வழியை இன்னும் அகலமாக்கித் தர எனக்கு மனமில்லை.

சரி, இப்போது அந்தப் பைக்கு வருவோம்.

பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 17-ல் லைசன்ஸ் எடுத்திருந்தால் இரண்டு வருடமாக இந்த வேலை. பாதிச் சனிக்கிழமை என்றே வைத்துக்கொள்வோம், ஐம்பது தடவை ஆகிறது. பதினொரு மணிக்குப் போன் அடிக்கும். புத்தகத்தை மூடிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போவான். நண்பர்கள் "வாடா தம்பி, டிரைவர் வந்தாச்சு" என்பார்கள். அப்பாவின் தோளைப் பிடித்து இறக்கி, முன் சீட்டைச் சாய்த்து, பெல்ட்டை மாட்டி, பையை விரித்து மடியில் வைப்பான். வீட்டுக்கு வந்த பிறகு அதை முடிச்சுப் போட்டுக் குப்பைத் தொட்டியில் போடுவது யார் என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

2020 அக்டோபரில் சட்டத்தை இறுக்கினார்கள். ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராம் வரை விட்டிருந்ததை 50 ஆக்கினார்கள். குடித்துவிட்டு ஓட்டி ஓர் உயிர் போனால் 10 முதல் 15 வருடம் சிறை. அடுத்த வருடம் நவம்பரில், கோலாலம்பூர் மளிகைக் கடைகளில் இரவு 9 மணிக்கு மேல் பீர் விற்கக் கூடாது என்றும் வந்தது. உங்கள் வீட்டுக்காரரை இதில் எது தொட்டது? மளிகைக் கடை இல்லாவிட்டால் பார் இருக்கிறது. ஓட்டுவதற்குத்தான் சம்பளமில்லாத டிரைவர் இருக்கிறானே.

அம்மா, உங்கள் பையன் பீர் ஆசையில் பேசுகிறான் என்றா நினைக்கிறீர்கள்? அதன் வாடை அவனுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். பெரியவனின் வேலையை மட்டும் என் தலையில் கட்டிவிட்டு, மற்றதற்கெல்லாம் சின்னப் பையன் என்கிறீர்களே என்று கேட்கிறான். நேராகக் கேட்டால் அப்பாவுக்கு மரியாதைக் குறைவு. அதனால் சட்டத்தை இழுக்கிறான். அப்பா சிரிக்கிறார். நீங்கள் எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

அப்பாவைத் தாங்கிப் பிடிப்பது பிள்ளையின் கடமைதான், அதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது. கால் ஓய்ந்து, கண் மங்கி, ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்துக் காத்திருக்கும் வயதில் பிடிக்கட்டும். நல்ல உடம்போடு தானே நடந்து பாருக்குள் போன மனிதரைத் தூக்கி வருவது எந்தக் கடமையில் சேர்த்தி? அதைப் பொறுப்பு என்று பாராட்டிப் பாராட்டி இரண்டு வருடம் ஓட்டிவிட்டீர்கள். கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

மகனோடு வயது வாதம் வேண்டாம். வருகிற சனிக்கிழமை போன் அடித்தால் நீங்கள் எடுங்கள். "தம்பி படுத்துட்டான், கிராப் பிடிச்சு வாங்க" என்று சொல்லிவிட்டு வையுங்கள். காசு கணக்குப் பார்ப்பார். அன்றைக்குக் குடித்த பீரின் பில்லைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சண்டை வரும், வரட்டும். ஒரு சனிக்கிழமையாவது அந்தப் பையன் முழுத் தூக்கம் தூங்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் தேத்தண்ணி குடிக்க உட்காரும்போது, காரில் இருக்கும் அந்தப் பையை எடுத்து வந்து மேசைமேல் வையுங்கள். இது என்ன என்று கேட்பார். மகன் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.