நீருக்குள் எழுத்து நிற்குமா?

கேள்வி: கடலுக்கடியில் மனிதன் அளவுக்கு மூளையுள்ள ஓர் உயிரினம் இருந்தால், கற்றதை எல்லாம் எதில் எழுதி வைக்கும்? காகிதம் ஊறிவிடும், மை கரைந்துவிடும். ஆக்டோபஸ்தான் அதற்குத் தோதான ஆள் என்று நண்பர் சாதிக்கிறார். சரியா?

பதில்: காகிதத்தையும் மையையும் விடுங்கள், அவை நமக்கே ரொம்பப் பிந்தி வந்தவை. சுமேரியர்கள் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் ஈரக் களிமண்ணில் கீறித்தான் கணக்கு எழுதினார்கள். கடலுக்குள் அதுவும் நடக்காது. கீறலாம், ஆனால் காயவைக்கவோ சுடவோ வழியில்லை. நெருப்பு இல்லையென்றால் செங்கல், கண்ணாடி, உருக்கிய உலோகம் எதுவும் இல்லை, கல்லும் சிப்பியும் எலும்பும் பாசி நாரும்தான் மிச்சம்.

கல்லில் செதுக்கலாமே என்பீர்கள். செதுக்கலாம்தான், பாறையைக் குடைந்து அதற்குள்ளேயே குடியிருக்கும் சிப்பி இனங்கள் இப்போதே இருக்கின்றன. தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. கடலில் எந்தப் பொருளைப் போட்டாலும் சில மணி நேரத்தில் நுண்ணுயிரிகள் படலம் கட்டிவிடும், அப்புறம் பாசி, அப்புறம் கப்பலடியில் அப்பிக்கொள்ளுமே அந்தக் கொட்டலசு என்று வரிசையாக வந்து குடியேறிவிடும். இதற்கும் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவுக்கும் பயந்துதான் 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கடற்படை தன் மரக்கப்பல்களின் அடிப்பாகம் முழுக்கச் செப்புத் தகடு அடித்தது. ஆகவே கடலடி நூலகத்தில் நூலகருக்கு முக்கிய வேலை சுரண்டுவதாகத்தான் இருக்கும்.

என்னைக் கேட்டால் அவர்கள் முடிச்சுப் போடுவார்கள். இன்கா மக்கள் கீப்பு என்ற கயிற்றுக் கொத்தில் முடிச்சின் வகையையும் இடத்தையும் வைத்தே ஒரு பேரரசின் கணக்கை நடத்தியிருக்கிறார்கள். தடவிப் பார்த்தே படிக்கலாம் என்பது பெரிய வசதி, ஏனென்றால் 200 மீட்டருக்குக் கீழே சூரிய வெளிச்சம் பேருக்குத்தான், 1,000 மீட்டருக்குக் கீழே சுத்தமாக இல்லை. நார் அழுகும், உண்மைதான். அழுகுவதற்குள் அடுத்த தலைமுறை புதுக் கயிற்றில் முடிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஆக்டோபஸ் விஷயத்தில் நண்பர் பாதி சரி. சுமார் 50 கோடி நரம்பணுக்கள், அதில் பாதிக்கு மேல் கைகளில். உறிஞ்சிகளால் தொடும்போதே சுவையும் தெரியும் என்பதால் அதன் முடிச்சுக்குப் புளிப்பு, கசப்பு என்று கூடுதல் அர்த்தம்கூட ஏற்றலாம்! ஆனால் பெரும்பாலான இனங்களின் ஆயுள் ஓரிரு ஆண்டுகள்தான். தாய் சாப்பாடு தண்ணீர் மறந்து முட்டைகளைக் காத்து, குஞ்சு பொரிக்கும் சமயத்தில் செத்துப்போகிறது. பிள்ளைக்குக் கடிதம் எழுதி வைக்க இதைவிட நல்ல காரணம் எந்த உயிருக்கும் இல்லை, சரி, அந்தப் பிள்ளைக்குப் படிக்கக் கற்றுக்கொடுப்பது யார்? ஆயுள் கூடி, தாயும் பிள்ளையும் சேர்ந்து வாழ்ந்தால்தான் ஆக்டோபஸுக்கு எழுத்து சாத்தியம்.

கேள்வி: எழுத்து கஷ்டம் என்றால் செய்தியைப் பரப்புவதும் கஷ்டம்தானே?

பதில்: அதுதான் இல்லை, அங்கே பரப்புவது நம்மைவிட சுலபம். காற்றில் ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும், கடல்நீரில் சுமார் 1,500. ஆழத்தில் ஒலி மேலேயும் கீழேயும் சிதறாமல் நெடுந்தூரம் ஓடும் ஓர் அடுக்கே இருக்கிறது. 1991இல் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் ஹெர்ட் தீவு அருகே விஞ்ஞானிகள் எழுப்பிய ஒலி, மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து அமெரிக்காவின் இரு கரைப் பக்கமும் கேட்டது. கம்பி கிடையாது, செயற்கைக்கோள் கிடையாது.

கூன்முதுகுத் திமிங்கலங்கள் இதை நமக்குச் செய்தே காட்டுகின்றன. கிழக்கு ஆஸ்திரேலியாவில் ஆண் திமிங்கலங்கள் பாடும் புதுப் பாட்டு சில ஆண்டுகளில் தீவுக்குத் தீவு தாவி பிரெஞ்சு பாலினேசியா வரை போய்ச் சேருவதை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் புதுசு வந்ததும் பழைய பாட்டைக் கைவிட்டுவிடுகின்றன! கடலில் சேதி பரவும், தங்காது. ஆகவே பாட்டை மாற்றாமல் ஒப்பிப்பதற்கென்றே சிலரை ஒதுக்கி வைத்த சமூகம்தான் அங்கே விஞ்ஞானம் வளர்த்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஜப்பானை ஒட்டிய கடலில் ஒரு மீன் மணலில் கோலம் போடுகிறதாமே, அது எழுத்தில் சேர்த்தியா?

பதில்: இல்லை. அமாமி ஓஷிமா தீவருகே வாழும் சின்ன பேத்தை மீன் அது. ஆண் மீன் ஒரு வாரம்போல உழைத்து சுமார் 2 மீட்டர் அகல வட்டம் போடுவது பெண் மீனைக் கவர. நீரோட்டம் அதைக் கலைத்துவிடும். நீர்மேல் எழுத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

கேள்வி: அப்படி ஓர் இனம் என்றோ வாழ்ந்து அழிந்திருந்தால் நமக்குத் தெரியவருமா?

பதில்: ஆழ்கடலில் வாழ்ந்திருந்தால் சந்தேகம்தான். கடலடித் தரை ஓயாமல் பூமிக்குள் அமிழ்ந்து புதிதாகிக்கொண்டே இருப்பதால், இன்றுள்ளதில் பெரும்பகுதி 20 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டதுதான். ஆழம் குறைந்த கடலில் கல்லில் செதுக்கியவர்கள் என்றால் வாய்ப்பு உண்டு. எவரெஸ்ட் உச்சியின் சுண்ணாம்புக் கல்லிலேயே கடலுயிரிகளின் புதைபடிவம் இருக்கிறது, அதனால் தேடுகிறவர்கள் நீச்சலோடு மலையேறவும் பழகிக்கொள்வது நல்லது.