வாழைச்சேனைக் கடதாசி ஆலை: கேட்டதும் சொன்னதும்

நல்லூர் வாசகர்: ஐயா, வாழைச்சேனை ஆலையைக் கொண்டுவந்தது ஜீ. ஜீ. பொன்னம்பலம்தான் என்று எங்கட அப்பு சொல்லுவார். உண்மையோ?

பதில்: உண்மைதான். 1948 தொடங்கி 1953 வரை அவர் இலங்கையின் கைத்தொழில் அமைச்சர். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைக்கும் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். மட்டக்களப்பு மாவட்டத்து வாழைச்சேனையில் உற்பத்தி தொடங்கியது அவர் பதவி விட்ட பிறகு, 1956இல்.

கோண்டாவில் மாணவி: வைக்கலில் இருந்து வெள்ளைத் தாள் எப்படி வரும், சேர்?

பதில்: வைக்கலை நறுக்கித் தூசு தட்டி, கோஸ்டிக் சோடாவோடு நீராவி அழுத்தத்தில் அவிப்பார்கள். நாரைப் பிணைத்திருக்கும் லிக்னின் கரைந்து கறுப்புக் கழிவுநீராக வடியும். மிஞ்சும் மஞ்சள் கூழைக் குளோரின் வெளுக்கும். இந்தச் சோடா, குளோரின் இரண்டையும் ஆனையிறவு உப்பை மின்பகுத்து எடுத்தது பரந்தன். கிழக்கின் வைக்கலும் வடக்கின் உப்பும் சேர்ந்துதான் கொப்பித் தாள் ஆனது.

வைக்கலில் வில்லங்கமும் உண்டு. நார் குட்டையானது, கூழில் தண்ணீர் மெதுவாக வடிவதால் இயந்திரத்தை வேகமாக ஓட்ட முடியாது. மரத்தில் இருந்து தாள் செய்யும் ஆலைகள் அந்தக் கறுப்பு நீரை எரித்து, நீராவியும் எடுத்து, சோடாவையும் மீட்கும். வைக்கலில் இருக்கும் சிலிக்கா (மணலில் இருக்கும் பொருள்) குழாய்களில் படிந்து அந்த மீட்பைக் கெடுத்துவிடும். மீட்காவிட்டால் காசும் போகும், நீர்நிலையும் கெடும்.

சுன்னாகம் வாசகர்: யுத்தம்தானே அண்ணை ஆலையை விழுத்தினது?

பதில்: அது பாதிக் கதை. 1980களின் நடுவில் பரந்தன் நின்றது பெரிய அடி. கிழக்கில் சண்டை மூள, வைக்கல் ஏற்றி வருவதே பெரும்பாடு. ஆனால் இந்த யுத்தம் நடக்காத தெற்கில், எம்பிலிப்பிட்டியவில் இருந்த அரச கடதாசி ஆலையும் மூடப்பட்டதே! 1977இல் இறக்குமதியைத் திறந்துவிட்டதும் பெரிய வெளிநாட்டு ஆலைகளின் விலையோடு இந்தச் சிறிய ஆலைகளால் மல்லுக்கட்ட முடியவில்லை. பழி முழுவதையும் யுத்தத்தில் போட்டுவிடுவது நிர்வாகத்துக்கு வசதி.

மானிப்பாய் வாசகர்: 90களில் இங்கே யாழ்ப்பாணத்தில் கோடு போட்ட கொப்பித் தாளில் பேப்பர் அடிச்சவை. அதுவும் ஆலை விழுந்ததாலையோ?

பதில்: இல்லை, அது அரசு வடக்குக்குப் போட்ட பொருளாதாரத் தடையால்.

சாவகச்சேரி ஆசிரியர்: 2022 மார்ச்சில் தாளில்லாமல் மேல் மாகாணத்தில் பரீட்சையைப் பிற்போட்டார்கள். ஆலையை முழுமூச்சாக ஓட்டினால் என்ன?

பதில்: அன்று தட்டுப்பாடு டொலருக்குத்தான். சோடாவை மீட்கும் கலன் இல்லாமல் வைக்கலுக்குத் திரும்பச் சொல்ல மாட்டேன். பழைய கொப்பி, கிழிந்த மட்டைப்பெட்டியைச் சேர்த்துக் கரைத்துப் பெட்டித் தாள் செய்யலாம். வெளுக்கத் தேவையில்லை, குளோரின் செலவும் மிச்சம்.