கால் மரத்தே இருந்துவிடுமா?

கேள்வி: 78 வயதான என் தாயார் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. மறுநாள் அறுவை சிகிச்சை என்ற நிலையில், முந்தைய நாளே தொடை மடிப்பில் நரம்பை மரக்கச் செய்யும் 'பிளாக்' ஊசி போட்டார்கள். வலி அடங்கியது, ஆனால் கால் மரத்தே இருந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். 'மார்பின்' என்ற வலி நிவாரணி மருந்தை மட்டும் கொடுத்திருக்கக் கூடாதா?

பதில்: இடுப்பு முறிவின் வலி, அசையாமல் படுத்திருக்கும்போது ஓரளவு தாங்கும்படி இருந்தாலும், எக்ஸ்ரே மேசைக்கு மாற்றும்போதும் விரிப்பை மாற்றுவதற்காக ஒருபுறம் திருப்பும்போதும் உயிரை எடுத்துவிடும். அதை மார்பினால் மட்டுமே அடக்க முயன்றால், முதியவர்களுக்கு வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம், சில வேளைகளில் மூச்சு மந்தமாதல் ஆகியவை வந்து சேரும். வலியை அடக்காமல் விட்டாலும் அதே மனக்குழப்பம் வரக்கூடும். ஆகவே, அறுவைக்குக் காத்திருக்கும் முதியவருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவிகளுள் ஒன்றாகவே இந்த ஊசியை நான் கருதுகிறேன்.

வலிச் செய்தி நரம்பின் வழியே செல்ல, சோடியம் அயனிகள் நரம்பிழைக்குள் நுழைய வேண்டும். இந்த ஊசியில் செலுத்தும் புபிவக்கைன், ரோபிவக்கைன் போன்ற மரப்பு மருந்துகள் அந்த நுழைவாயிலைச் சில மணி நேரம் அடைத்துவைக்கின்றனவே தவிர, நரம்பை அறுப்பதில்லை. இரத்தம் மருந்தை மெல்ல எடுத்துச் சென்றதும் உணர்வு திரும்பிவிடும். பெரும்பாலும் 8 முதல் 24 மணி நேரத்துக்குள் இது நிகழும். அல்ட்ராசவுண்ட் திரையில் நரம்பை மூடியிருக்கும் சவ்வு வெண்கோடாகத் தெரிய, ஊசி முனை அதைக் கடந்ததும் மருந்து அதன் அடியில் கரிய நீர்த்தடமாக விரிவதை மருத்துவர் பார்த்துக்கொண்டே செலுத்துகிறார். சில நாள் நீடிக்கும் குறுகுறுப்பு சிலருக்கு வருவதுண்டு. நிரந்தர நரம்புச் சேதம் மிக அரிது.

மருந்து இரத்தத்தில் அதிகமாகக் கலந்தால் உதடு மரத்தல், காதில் இரைச்சல், வாயில் உலோகச் சுவை ஆகியவை முதலில் தோன்றலாம்; பின்னர் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரக்கூடும் என்பதால், ஊசி போட்ட பிறகு சிறிது நேரம் கண்காணிப்பது கட்டாயம். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வீட்டார் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது மரப்பு தெளியும் நேரத்தைத்தான். பகலெல்லாம் நிம்மதியாக இருந்தவர் நள்ளிரவில் திடீரென்று வலியில் அலறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் மாத்திரை கொடுத்தால் அது வேலை செய்யவே ஒரு மணி நேரம் ஆகலாம். எனவே அறுவை சிகிச்சையின்போது மீண்டும் பிளாக் போட்டால், போட்ட நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் எழுதித் தந்த வலி மாத்திரைகளை, வலி இல்லையே என்று தள்ளிப்போடாமல், மரப்பு தெளியும் முன்பே நேரப்படி கொடுத்துவிடுங்கள். உணர்வு திரும்பும்வரை அந்தக் காலில் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். முழங்கால் மடிந்துவிடும் என்பதால் துணையின்றி நிற்கவும் விடாதீர்கள். 48 மணி நேரம் கடந்தும் மரப்போ பலவீனமோ நீடித்தால், ஊசி போட்ட மயக்க மருத்துவரிடம் அன்றே தெரிவியுங்கள்.