கிளட்ச் நழுவினால் அசெம்பிளி முழுவதையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: மேட்டில் ஏறும்போது என் மோட்டார் சைக்கிளின் எஞ்சின் இரைகிறதே தவிர, வேகம் கூடுவதில்லை. அண்மையில் எஞ்சின் ஆயிலை மாற்றிய பிறகுதான் இது தொடங்கியது. கிளட்ச் அசெம்பிளி முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அது அவசியமா?

பதில்: கழற்றிப் பார்ப்பதற்கு முன்பே அசெம்பிளி முழுவதையும், அதாவது பிளேட்டுகள், ஸ்பிரிங்குகள், அவற்றைத் தாங்கும் ஹவுசிங் எல்லாவற்றையும், வாங்கச் சொல்வது அவசர முடிவு. முதலில், ஆள் நடமாட்டமற்ற சாலையில் டாப் கியரில் மிதமான வேகத்தில் செல்லும்போது ஆக்சிலரேட்டரைச் சட்டென்று முறுக்கிப் பாருங்கள். எஞ்சின் சுற்று மட்டும் எகிறி, வேகம் அதற்கேற்ப ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது என்று உறுதி செய்யலாம். எஞ்சினும் சேர்ந்து மந்தமாக இருந்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

அடுத்து லீவரைக் கவனியுங்கள். கேபிள் வகைக் கிளட்ச்சில், இழுவை தொடங்குமுன் லீவரின் நுனி சற்றே தளர்வாக அசைய வேண்டும். பல வண்டிகளுக்கு இந்த அளவு 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருக்கும், உங்கள் வண்டிக்குரியது கையேட்டில் உள்ளது. கிளட்ச்சுக்குள் ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்கும் பிளேட்டுகள் தேயத் தேய இந்தத் தளர்வு குறைந்துகொண்டே வரும். அது அறவே இல்லாமல் போனால், லீவரைத் தொடாதபோதும் கிளட்ச் பாதி அழுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கும். அட்ஜஸ்ட்டரைத் திருகினாலே சரியாகிவிடக்கூடிய இந்தக் கோளாறுக்குப் பணம் செலவழிப்பது வீண்.

உங்கள் விஷயத்தில் எனக்கு அதிகச் சந்தேகம் ஆயில் மீதுதான். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் எஞ்சின் ஆயிலில் நனைந்தபடியே இயங்குகிறது. எரிபொருள் சிக்கனத்துக்காக உராய்வைக் குறைக்கும் சேர்மங்கள் கலந்த கார் ஆயிலை ஊற்றினால், பிளேட்டுகளுக்குத் தேவையான பிடிப்பும் குறைந்துவிடலாம். டப்பாவில் ஜாசோ (JASO, ஜப்பானிய வாகனத் தரநிலை) எம்ஏ (MA) அல்லது எம்ஏ2 (MA2) என்ற குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். எம்பி (MB) என்றிருந்தால் அது உராய்வு குறைந்த வகை; கியரில்லாத ஸ்கூட்டர்களுக்குப் பொருந்தும், உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. தவறான ஆயில் என்றால் அதை வடித்துவிட்டுச் சரியானதை ஊற்றிச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். பிடிப்பு பல நேரங்களில் திரும்பிவிடும். பிளேட்டுகள் ஏற்கெனவே கருகியிருந்தால் திரும்பாது.

அப்படித் திரும்பாவிட்டால் மட்டும் கழற்றச் சொல்லுங்கள், அளவெடுக்கும்போது உடனிருங்கள். உராய்வு பிளேட்டின் தடிமனையும் ஸ்பிரிங்கின் நீளத்தையும் வெர்னியர் அளவுகோலால் அளந்து, கையேட்டிலுள்ள வரம்புடன் ஒப்பிட வேண்டும். ஸ்டீல் பிளேட்டுகளை ஒரு கண்ணாடிப் பலகைமேல் வைத்தால் வளைவு தெரியும். நீலம் பாய்ந்திருந்தால் அவை சூடேறியிருக்கின்றன என்று பொருள். பிளேட்டுகள் அளவுக்குள் இருந்தும் தளர்ந்த ஸ்பிரிங்குகளால் கிளட்ச் நழுவுவதுண்டு, அப்போது ஸ்பிரிங்குகளை மட்டும், ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து, மாற்றினால் போதும். ஹவுசிங்கின் பற்களில் ஆழமான பள்ளம் விழுந்திருந்தாலொழிய அதை வாங்க வேண்டியதில்லை. அந்தப் பள்ளம் பெரும்பாலும் கிளட்ச் முழுதாக விடுபடாமல் இழுப்பதற்கே காரணமாகும், நழுவுவதற்கு அல்ல.

பிளேட், ஸ்பிரிங், கேஸ்கெட் ஆகியவற்றின் விலையைத் தனித்தனியாக எழுதி வாங்கி, கழற்றிய பாகங்களையும் கேட்டுப் பெறுங்கள். தேய்மானப் பாகம் என்பதால் கிளட்ச் பிளேட்டுக்கு உத்தரவாதம் பொதுவாகக் கிடைப்பதில்லை. புதிய உராய்வு பிளேட்டுகளைப் பொருத்துமுன் அதே எஞ்சின் ஆயிலில் ஊறவைக்க வேண்டும். வேலை முடிந்ததும் லீவரின் தளர்வை மறுபடி சரிசெய்து, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் அதை மீண்டும் ஒருமுறை பாருங்கள்.