முளைகட்டும் பயறு ஒவ்வொரு முறையும் பிசுபிசுத்து நாறுகிறதே, எங்கே தவறுகிறேன்?

இரவு முழுவதும் ஊறவைத்தும் மறுநாள் முளைக்குப் பதில் வாடைதான் வருகிறது என்றும், முளைத்தால் பச்சையாகவே சாப்பிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இறுக மூடிய பாத்திரத்தில், அடியில் சிறிது தண்ணீர் தங்கும்படி வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்; நான் செய்ததும் அதுதான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், சித்திரை வெயிலில் திருச்சி கொதித்துக்கொண்டிருந்தபோது, மனைவிக்கு மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் சமையலறை என் கைக்கு வந்தது. என் தங்கை குடும்பத்தோடு வருகிறாள், சுண்டல் செய்து அசத்திவிடலாம் என்று அரைக் கிலோ பச்சைப்பயற்றை எவர்சில்வர் தூக்குவாளியில் ஊறவைத்து, உள்ளங்கையை அணைகொடுத்துத் தண்ணீரைச் சாய்த்துவிட்டு, மூடியை அழுத்திக் குளிர்சாதனப் பெட்டியின் தலையில் வைத்தேன். மறுநாள் மாலை திறந்தபோது மேலே ஒரு விரற்கடை உயரத்துக்கு அழகான வெள்ளை முளைகள் இருந்தன. கரண்டியை உள்ளே விட்டதும் புளித்த கஞ்சி வாடையும், நுரையும், கையில் வழுக்கும் பழுப்புப் பயறும் வெளிவந்தன. கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த மனைவி, "அதுக்கு மூச்சு முட்டிடுச்சுங்க" என்று மட்டும் சொன்னாள். முளைக்கும் விதை மூச்சு விடுகிறது, வெப்பமும் வெளியிடுகிறது. குவியலின் அடியில் தண்ணீர் தேங்கினால் காற்றில்லாமல் விதை செத்து அழுகுகிறது.

இப்போது இரண்டு கைப்பிடிக்கு மேல் நான் போடுவதில்லை. உடைந்த பயற்றைப் பொறுக்கிவிட்டு, 8 மணி நேரம், கோடையில் 6 மணி நேரம் ஊறவைத்து, இருமுறை அலசி, ஓட்டைத் தட்டில் நனைத்த பழைய வேட்டித் துணியை விரித்துப் பரப்புகிறேன். காலையும் மாலையும், வெயில் நாட்களில் மதியமும், அலசி நன்றாக வடியவிட வேண்டும். பாட்டி துணியில் முடிந்து தொங்கவிட்டாளே, இத்தனை சட்டதிட்டம் எதற்கு என்று சிலர் சண்டைக்கு வரக்கூடும். தொங்கவிட்டதால்தான் தண்ணீர் வடிந்தது என்பதே அவர்களுக்கு என் பதில்.

வேர் நுனியில் பஞ்சு போல் படரும் நுண்ணிய மயிரைப் பூஞ்சை என்று நினைத்து ஒருமுறை நல்ல பயற்றைக் குப்பையில் கொட்டியிருக்கிறேன். அலசினால் படிந்து மறைவது வேர்த்தூவி. பூஞ்சையோ விதையின் மேல் சாம்பல் நிறச் சிலந்தி வலை போலப் பிடித்திருக்கும், முடைநாற்றமும் வீசும்.

பச்சைப்பயற்றில் தொடங்குங்கள், கொண்டைக்கடலை வெயிலில் சீக்கிரம் கெடும். ராஜ்மாவை முளைகட்டினாலும் பச்சையாகத் தின்னக் கூடாது, அதிலுள்ள நச்சுப்புரதம் நன்கு கொதித்து வெந்தால்தான் அழியும். விதைக் கடையில் நடவுக்கென்று விற்பதில் பூஞ்சைக்கொல்லி தடவியிருக்கலாம் என்பதால் அதை வாங்காதீர்கள்.

பச்சையாகச் சாப்பிடுவது பற்றி நான் சொல்வதை ஏற்காதவர்கள் இருப்பார்கள், நான் மருத்துவனும் அல்லன். ஆனாலும் 2011இல் ஜெர்மனியில் ஈ. கோலை கிருமி பரவி 50க்கும் மேற்பட்டோர் இறந்ததற்குக் காரணம் முளைகட்டிய வெந்தயம் என்று கண்டறியப்பட்டது. விதையில் ஒட்டியிருக்கும் கிருமிக்கும், முளைக்குத் தேவையான அதே ஈரமும் வெதுவெதுப்பும் ஏற்றவை. எத்தனை முறை அலசினாலும் அது முழுவதும் போகாது. வேகவைத்தால் வைட்டமின் சி குறையும் என்பது உண்மைதான். இருந்தும் கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள் உள்ள வீட்டில் பச்சையாகக் கொடுக்காதீர்கள். அறுபதைத் தாண்டிய நாங்கள் இருவரும் இட்லித் தட்டில் நன்றாக ஆவி காட்டி, மாங்காய்த் துருவலும் உப்பும் சேர்த்துத்தான் சாப்பிடுகிறோம்.