சாதுவா, பயமா? மேய்ப்பு நாயைத் தத்தெடுப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

மீட்கப்பட்ட நாய்களைச் சில மாதங்கள் வீட்டில் வைத்துத் தேற்றி, நல்ல வீடுகளில் சேர்ப்பதைப் பல வருடமாகச் செய்துவருகிறேன். என்னிடம் வந்தவை பெரும்பாலும் ஆடுமாடு மேய்க்கும் கோலி, ஷெப்பர்ட் வகைகள். கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

காப்பகத்தில் நாலு வயதுப் பெண் பார்டர் கோலி ஒன்றைப் பார்த்தோம். குரைக்கவில்லை, தொட்டாலும் அசையவில்லை. அவ்வளவு சாது. கூட்டிவந்துவிடலாமா?

தாராளமாகக் கூட்டிவாருங்கள். ஆனால் சாது என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். பயத்தில் உறைந்துபோன நாயும் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். தடவும்போது உடம்பு இளகுகிறதா, விறைக்கிறதா என்று கவனியுங்கள். உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது எல்லாம் 'போதும், விடு' என்று அது சொல்வதுதான். இரண்டு மூன்று நொடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். பிடித்திருந்தால் தானாக நெருங்கிவரும்.

என்னிடம் வந்த ஒரு கோலி ஒன்பது நாள் கதவுக்குப் பின்னாலேயே கிடந்தது. விளக்கை அணைத்த பிறகுதான் சாப்பிடும். நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து படிப்பேன், பேசமாட்டேன். பத்தாம் நாள் என் முழங்கை மேல் ஈரமாக ஒரு மூக்கு பட்டது. திரும்பிப் பார்க்காமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அதன்பிறகுதான் கால்களை நீட்டிப் பக்கவாட்டில் படுத்துத் தூங்க ஆரம்பித்தது.

பழகுவதற்கு எத்தனை நாள் ஆகும்?

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் படபடப்பு அடங்க, வீட்டு வழக்கம் பிடிபட, இது நம் வீடு என்று தோன்ற. உத்தேசக் கணக்குதான். முதல் வாரம் விருந்தாளிகளை வரச் சொல்லாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள். வெளியே போகும்போது ஹார்னஸும் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) கழுத்துப்பட்டையும் இரண்டும் இருக்கட்டும். பயந்த நாய் ஒரு நொடியில் உருவிக்கொண்டு ஓடிவிடும்.

எங்கள் பிள்ளைகள் ஓடினால் துரத்திக் குதிகாலைக் கவ்வுகிறது. கடிநாயா?

இல்லை, வேலை பார்க்கிறது. முறைப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது என்பது ஓநாயின் வேட்டை வரிசை. மேய்ப்பர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து முன்பாதியை வளர்த்தார்கள், கடைசியை அடக்கினார்கள். 1893-இல் இங்கிலாந்தின் நார்தம்பர்லேண்டில் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற நாய் குரைக்காமல், வெறும் பார்வையாலேயே ஆடுகளை நகர்த்தியதாகப் பெயர் பெற்றது. இன்றைய பார்டர் கோலிகள் அநேகமாக எல்லாமே அதன் வழி வந்தவை. மாடு மேய்க்கும் ஆஸ்திரேலியன் கேட்டில் டாகைக் குதிகாலைக் கவ்வுவதற்கென்றே வளர்த்தார்கள்.

ஆகவே திட்டிப் பயனில்லை. நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, மரம்போல் நிற்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஓடிப்பிடித்து விளையாடும் நேரத்தில் நாய் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும். அது தலையைத் தாழ்த்தி உற்றுப் பார்க்கத் தொடங்கும்போதே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், திரும்பினால் உடனே தின்ன ஏதாவது கொடுங்கள். துரத்த ஆரம்பித்துவிட்டால் காது கேட்காது. சின்னப் பிள்ளைகளோடு அதைத் தனியே விடவே கூடாது, எவ்வளவு சாதுவாக இருந்தாலும்.

தினமும் ஒரு மணி நேரம் பந்து எறிகிறேன். இன்னும் அடங்கவில்லையே?

பந்தைக் குறையுங்கள். திரும்பத் திரும்பத் துரத்த விட்டால் களைப்பு வராது, வெறிதான் ஏறும். மோந்து மோந்து மெதுவாக நடக்க விடுங்கள், தீனியைப் புல்லில் தூவித் தேட விடுங்கள். மூளைக்கும் வேலை வேண்டும். சேசர் என்ற பார்டர் கோலி மூன்று வருடப் பயிற்சியில் 1,022 பொம்மைகளின் பெயரைக் கற்றது, 2011-இல் ஆய்வாக வெளியானது. உங்கள் நாய்க்குப் பத்துப் பெயர் போதும். லேசர் ஒளியை மட்டும் காட்டாதீர்கள். நிழலையும் வெளிச்சத்தையும் ஓயாமல் துரத்தும் பழக்கம் இந்த இனங்களில் சுலபமாக ஒட்டிக்கொள்ளும், விடுவிப்பது கடினம்.

கோடையில் மொட்டை அடிக்கலாமா?

வேண்டாம். இரட்டை அடுக்கு ரோமம் வெயிலையும் தடுக்கிறது. உதிரும் உள்ரோமத்தைச் சீவி எடுத்தால் போதும்.

சொறியோடு வந்திருக்கிறது. ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தைப் போடலாமா?

நீங்களாகப் போடவே போடாதீர்கள். எம்டிஆர்1 என்ற மரபணு மாற்றம் உள்ள நாய்களுக்குச் சொறிக்குத் தரும் அளவு ஐவர்மெக்டின் மூளைக்குள் புகுந்து உயிரையே பறிக்கலாம். வயிற்றுப்போக்குக்கு நாம் விழுங்கும் லோபெரமைடும் அப்படித்தான். நீள்ரோமக் கோலிகளில் பெரும்பாலானவற்றுக்கும், ஆஸ்திரேலியன் ஷெப்பர்டுகளில் ஏறக்குறையப் பாதிக்கும் இந்த மாற்றம் உண்டு. பார்டர் கோலியில் அரிது. ஆனால் மீட்ட நாயின் தாய் தகப்பன் யாரென்று யாருக்குத் தெரியும்? கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்துச் சோதிக்கலாம். கால்நடை மருத்துவரிடம் முதலிலேயே கேளுங்கள்.

மூன்று மாதம் பூனைபோல இருந்தது. இப்போது ஜன்னலில் நின்று குரைக்கிறது, கயிற்றை இழுக்கிறது, தட்டை எடுக்கப் போனால் உறுமுகிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். முதல் மூன்று மாதம் நீங்கள் பார்த்தது அதன் பயத்தை. அது இப்போதுதான் வாய் திறந்து பேசுகிறது. உறுமலுக்குத் தண்டித்தால் உறுமுவதை நிறுத்திவிடும், அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கும். தட்டை எடுக்கப் போகாமல், கடந்துபோகும்போது எட்ட நின்று ஒரு நல்ல துண்டைப் போட்டுவிட்டுப் போங்கள். ஜன்னலின் கீழ்ப்பாதியை மறையுங்கள். திடீரென்று வந்த மாற்றம் என்றால் பல், காது, இடுப்பு வலி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கடிக்கிற அளவுக்குப் போனால், அடிக்காமல் பழக்கும் பயிற்சியாளர் ஒருவரை வீட்டுக்கே வரவழையுங்கள். என்ன நடந்தது என்று எழுதுங்கள், சேர்ந்தே பார்க்கலாம்.